கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டொராண்டோ, லண்டன், டர்பன் என்று தமிழர் வாழும் ஊர்களில் பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகளில் சிலர் ஓரிரு வருடம் தென்கொரியாவுக்குப் போய் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வருகிறார்கள். படிப்புக் கடனை அடைக்கலாம், ஊரும் பார்க்கலாம். நானும் கனடா பாஸ்போர்ட்டில் போய் டேகு நகரத்தில் இரண்டு ஒப்பந்தம் முடித்தவன்தான். திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள், சில நேரம் அவர்களுடைய பெற்றோர், போன் செய்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. பெரிய தொகை மாட்டிக்கொண்டிருந்தால் கீழே சொல்லியிருக்கும் அலுவலகங்களுக்கு நேராகப் போய்விடுங்கள்.

இந்த வேலைக்கு யார் போகலாம்? இந்திய பாஸ்போர்ட் இருந்தால் முடியுமா?

தனியார் பயிற்சி நிலையங்களுக்குக் கொரியாவில் ஹாக்வொன் என்று பெயர். அங்கே வேலை பார்க்க இ-2 விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் அது கிடைக்கும். இளங்கலைப் பட்டமும், உரிய முத்திரை பெற்ற போலீஸ் சான்றிதழும் தேவை. டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண் கொரியக் கணக்கில் 'ஆங்கிலத் தாய்மொழியாளர்'. சென்னையில் எல்கேஜியிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். மொழியைப் பாஸ்போர்ட்டை வைத்து அளக்கிறார்கள், என்ன செய்ய.

இந்தியர்களுக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர், அரசுப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகச் சேரலாம். ஹாக்வொனில் சேர முடியாது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு "ஹாக்வொன் விசா வாங்கித் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியா, ஹாக்வொனா?

கிடைத்தால் அரசுப் பள்ளி. 1995-இல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டம் வழியாக எடுக்கிறார்கள். சம்பளம் தேதி தவறாது, விடுமுறையும் கூடுதல். இந்தப் பக்கத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ஹாக்வொன்களில் நடப்பவைதான்.

விண்ணப்பத்தோடு போட்டோ கேட்கிறார்கள். நிறம் பார்ப்பார்களா?

பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பூசி மெழுகிச் சொல்வதில் உங்களுக்கு லாபம் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு தேசியத்தைக் காரணம் காட்டி வேறுபடுத்தக் கூடாது என்று தொழிலாளர் தரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது சேர்ந்தவர்களுக்கு. வேலைக்கு எடுக்கும்போதே நிறத்தைப் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும்படியான பொதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் கொரியாவில் இன்னும் இல்லை. எனக்கு நான்கு இடத்தில் போட்டோ பார்த்த பிறகு பதிலே வரவில்லை. ஐந்தாவது இடத்தில் வந்தது. முதல் அழைப்பிலேயே வீடியோவில் பேசிவிடுங்கள், நேரமாவது மிஞ்சும்.

மருத்துவப் பரிசோதனையில் என்னென்ன?

பொது உடல் பரிசோதனையும் போதைப்பொருள் பரிசோதனையும். முன்பு எச்ஐவி பரிசோதனையும் இருந்தது, அது போன கதையைச் சொல்ல வேண்டும். உல்சான் நகரப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த நியூசிலாந்து ஆசிரியை 2009-இல் அந்தப் பரிசோதனையைத் திரும்பவும் செய்துகொள்ள மறுத்தார். கொரிய ஆசிரியர்களுக்கும், கொரிய வம்சாவளி வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் அது கிடையாது, எனக்கு மட்டும் ஏன் என்பதுதான் அவர் கேட்டது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் ஐநாவின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவரைக்கும் போனார். 2015-இல் குழு அவர் பக்கம் முடிவு சொன்னது. 2017-இல் கொரிய அரசு இ-2 விசாவுக்கான அந்தப் பரிசோதனையை நீக்கியது. 2019-இல் சியோல் நீதிமன்றம் அவருக்கு அரசு 3 கோடி வொன் (வொன் என்பது கொரிய நாணயம்) இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்து வருடம் ஆனது. இன்றைக்கு யாரும் அந்தப் பரிசோதனைக்காகக் கையை நீட்ட வேண்டியதில்லை என்றால் அவர்தான் காரணம்.

ஒப்பந்தத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பளத் தொகையை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் வரிப் பிடித்தம் பற்றி எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். மாதம் 3.3% வரி பிடிப்போம் என்று இருந்தால் உஷாராகிவிடுங்கள். அது தனித்தொழில் செய்பவர்களுக்குப் பிடிக்கிற வரி விகிதம். அதாவது உங்களைத் தொழிலாளியாகக் காட்டாமல், வெளியிலிருந்து வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போகிற ஆளாகக் கணக்கில் எழுதப் போகிறார்கள். அப்படி எழுதினால் ஓய்வூதியத்துக்கு அவர்கள் பங்கு கட்ட வேண்டாம், மருத்துவக் காப்பீட்டுக்கும் வேண்டாம், ஒப்பந்தம் முடியும்போது பணிக்கொடையும் வேண்டாம். "வரி குறைவு, கையில் அதிகம் வரும்" என்று வொன்ஜாங் (ஹாக்வொனின் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சிரித்துக்கொண்டே சொல்வார். உங்கள் வரி குறைவதைவிட அவருடைய செலவு பல மடங்கு குறைகிறது.

அப்புறம், கொரிய மொழிப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்று கொரியம் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்றை உங்கள் கையில் தர வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. 2021 நவம்பரிலிருந்து சம்பளச் சீட்டும் கட்டாயம்.

தெரியாமல் 'தனித்தொழில்' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதைக் கொரிய நீதிமன்றங்கள் கடைசியில்தான் பார்க்கும். உண்மையில் வேலை எப்படி நடந்தது என்பதை முதலில் பார்க்கும். ஹாக்வொன் ஆசிரியர்கள் தொழிலாளர்கள்தானா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் தந்த தீர்ப்பு இதற்கு அடிப்படை. எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தப் புத்தகத்தை நடத்த வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? உங்களுக்குப் பதில் இன்னொருவரை நீங்களாகவே அனுப்ப முடியுமா? மாணவர் குறைந்தால் நஷ்டம் யாருடையது? இப்படிக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். வரியை எந்த விகிதத்தில் பிடித்தார்கள், காப்பீட்டில் பதிந்தார்களா என்பதெல்லாம் முதலாளி தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கக்கூடியவை. அவற்றை மட்டும் வைத்துத் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2015-இல் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் பணிக்கொடை கேட்டுத் தொடுத்த வழக்கிலும் அவர்கள் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இ-2 விசாவில் வந்தவருக்கு இந்த வாதம் இன்னும் எளிது. உங்கள் விசாவே அந்த ஒரு ஹாக்வொனோடு கட்டப்பட்டது. அனுமதி இல்லாமல் வேறு இடத்தில் ஒரு வகுப்புகூட எடுக்க முடியாத ஆள் எப்படிச் சுதந்திரத் தொழில் செய்பவர் ஆவார்?

ஆனால் இதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். கால அட்டவணை, "நாளை 1.30-க்கு வந்துவிடு" என்று காகாவோடாக்கில் (கொரியர்களின் வாட்ஸ்அப் மாதிரி) வந்த செய்தி, பாடத்திட்டத்தைத் திருத்தி அனுப்பிய மெயில், வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளம், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஹாக்வொன் கொடுத்த கணினியில் வைக்காதீர்கள். நீங்களும் கலந்துகொண்ட உரையாடலை நீங்கள் பதிவு செய்வது கொரியாவில் குற்றம் ஆகாது. மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவதை ஒளிந்திருந்து பதிவு செய்வது குற்றம்.

சம்பளம் இப்போது எப்படி?

வருத்தமான கதை. 2010-இல் ஹாக்வொன் ஆரம்பச் சம்பளம் மாதம் 21 லட்சம் வொன் அளவில் இருந்தது. அப்போது குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4,110 வொன், முழுநேர மாதத்துக்கு (209 மணி) 8,58,990 வொன். இரண்டு மடங்குக்கு மேல் வாங்கினோம். 2026-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10,320 வொன், மாதத்துக்கு 21,56,880 வொன். ஆனால் இன்றும் 22, 23 லட்சத்துக்கு விளம்பரம் வருகிறது. சட்டப்படியான அடிமட்டம் ஏறி ஏறி ஆசிரியர் சம்பளத்தைத் தொட்டுவிட்டது. முழுநேர வேலைக்கு 21 லட்சம் என்று இப்போது யாராவது சொன்னால் அது சட்டவிரோதம்.

"வாரம் 30 மணி நேரப் பாடம்" என்று போட்டிருக்கிறது. உண்மையில் 45 மணி ஆகிறது. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

வகுப்பு நேரம் வேறு, வேலை நேரம் வேறு. அடுத்த வகுப்புக்குத் தயாரிப்பு, திருத்தம், பெற்றோருக்கு மாத அறிக்கை, இதெல்லாம் அவர்கள் சொல்லி அவர்கள் இடத்தில் செய்தால் வேலை நேரம்தான். 4 மணி வேலைக்கு அரை மணி, 8 மணி வேலைக்கு ஒரு மணி இடைவேளை தர வேண்டும். அந்த நேரம் முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். ஆங்கில மழலையர் பள்ளி என்ற பெயரில் நடக்கும் ஹாக்வொன்களில் மதியம் குழந்தைகளுக்கு ஊட்டிவிட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டு, அதையே "உன் சாப்பாட்டு இடைவேளை" என்பார்கள். அது இடைவேளை ஆகாது. நான் ஒரு வருடம் முழுக்கக் கிம்ச்சியில் கறை படிந்த சட்டையோடுதான் மதிய வகுப்பு எடுத்தேன்.

வாரம் 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. இதில் ஒரு நிபந்தனை: அந்த இடத்தில் ஐந்து பேராவது வேலை பார்க்க வேண்டும். வருட விடுப்புக்கும் அதே நிபந்தனை. முதல் வருடத்தில் மாதத்துக்கு ஒரு நாள் வீதம் 11 நாள், அதற்குப் பிறகு வருடத்துக்கு 15 நாள். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு என்று ஒன்று கொரியச் சட்டத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான்.

ஓய்வூதியத்துக்குப் பிடிக்கிறார்கள். அது எங்கே போகிறது?

நல்ல கேள்வி, நான் தாமதமாகக் கேட்டது. தேசிய ஓய்வூதியத்துக்கு 2025 வரை சம்பளத்தில் 9%. பாதி நீங்கள், பாதி முதலாளி. 2026-இல் 9.5%, இனி வருடத்துக்கு அரை சதவீதம் ஏறி 13% வரை போகும். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாட்டவர் கொரியாவை விட்டுக் கிளம்பும்போது மொத்தத்தையும், முதலாளி கட்டிய பாதியையும் சேர்த்து, வட்டியோடு வாங்கிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. தென்னாப்பிரிக்கர்களுக்கு ஓய்வூதியப் பிடித்தமே கிடையாது, பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

என் முதல் ஹாக்வொனில் மாதாமாதம் சம்பளச் சீட்டில் ஓய்வூதியப் பிடித்தம் அழகாக அச்சாகி வந்தது. ஒன்பதாம் மாதம் கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, ஓய்வூதிய நிறுவனத்தின் 1355 எண்ணுக்குப் போன் செய்தேன். என் பெயரில் பதிவே இல்லை என்றார்கள். பிடித்த காசு ஹாக்வொன் கல்லாவில்தான் கிடந்தது. சம்பளச் சீட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன், பின்தேதியிட்டுப் பதிந்து பாக்கியை அவர்களிடம் வசூலித்தார்கள். சீட்டை நான் தூக்கிப் போட்டிருந்தால்? அதனால் சேர்ந்த இரண்டாம் மாதமே 1355-க்கு ஒரு போன்.

மருத்துவக் காப்பீட்டையும் அப்படியே சரிபாருங்கள். 2019 ஜூலையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் எல்லோருக்கும் அது கட்டாயம். முதலாளி பதியாவிட்டால் முழுத் தொகைக்கும் உங்கள் பெயரில் பில் வரும். பாக்கி இருந்தால் விசா நீட்டிப்பில் தகராறு.

பணிக்கொடை என்றால் என்ன? பதினோராம் மாதம் நிறுத்திவிடுவார்களாமே?

கொரிய மொழியில் இதற்குத் 'தேஜிக்கும்' என்று பெயர். நம் காதுக்குத் 'தேய்க்கும்' என்பது போலக் கேட்கும், தராமல் தேய்த்துக்கொண்டே போவதால் பொருத்தமும் கூட. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் சராசரிச் சம்பளம். கடைசி மூன்று மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கு. வேலையை விட்ட 14 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவான இடத்துக்கும் 2010 டிசம்பரிலிருந்து இது பொருந்தும். "மாதச் சம்பளத்திலேயே பணிக்கொடை சேர்ந்திருக்கிறது" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அது செல்லாது, 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் இந்தக் காசு இல்லை. அதனால்தான் பதினோராம் மாதம் திடீரென்று உங்கள் வகுப்பில் குறை கண்டுபிடிக்கிறார்கள். இதுவரை நல்ல பிள்ளையாக இருந்த உங்களைப் பற்றிப் பெற்றோர் புகார் வர ஆரம்பித்தால் காலண்டரைப் பாருங்கள். எச்சரிக்கைக் கடிதத்தில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தானாக விலகுவதாக எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அப்படி நீக்கிவிட்டால்?

மூன்று மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நீக்க 30 நாள் முன்னறிவிப்போ 30 நாள் சம்பளமோ தர வேண்டும். இது சின்ன இடத்துக்கும் பொருந்தும். ஐந்து பேர் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு: நியாயமான காரணம் வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் வட்டாரத் தொழிலாளர் உறவு ஆணையத்தில் மனுப் போடலாம். நீக்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு, அதைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்த ஐந்து பேரை எண்ணும்போது வெளிநாட்டு ஆசிரியர்களை மட்டும் எண்ணாதீர்கள். கொரிய ஆசிரியர்கள், வரவேற்பு மேசைப் பெண், ஹாக்வொன் சம்பளத்தில் இருக்கும் வேன் டிரைவர், பகுதிநேர ஆட்கள் எல்லோரும் கணக்கு. வொன்ஜாங் கணக்கில் இல்லை.

"புகார் செய்தால் உன் விசாவை ரத்து செய்துவிடுவேன்" என்கிறார். முடியுமா?

அவரால் முடியாது. விசா குடிவரவு அலுவலகத்துடையது. வேலை முடிந்தது என்று 15 நாளுக்குள் அங்கே தெரிவிப்பதுதான் அவர் வேலை. அன்றைக்கே உங்களைப் பிடித்து விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஆனால் இந்த மிரட்டலில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் அது பலிக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் வேறு இடத்துக்கு மாற, பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதத்தைக் கேட்பார்கள். அந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பல வொன்ஜாங்குகள் ஆட்டிப்படைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டையே மாற்றாமல் தனித்தனிச் சட்டங்களால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம்.

வழிகள் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேலை தேடுவதற்கான டி-10 விசாவுக்கு மாறலாம். சம்பளப் பாக்கி புகார் நடந்துகொண்டிருந்தால், அது முடியும் வரை தங்க ஜி-1 விசா உண்டு. குடிவரவு உதவி எண் 1345, ஆங்கிலத்தில் பேசலாம். வொன்ஜாங் சொல்வதை நம்புமுன் அங்கே ஒரு தடவை கேளுங்கள்.

தம்பி, என் மகளுடைய பாஸ்போர்ட்டை ஹாக்வொனில் வாங்கி வைத்திருக்கிறார்களாம். பத்திரத்துக்குத்தானாம். சரியா?

சரியில்லை அம்மா. வேலை ஒப்பந்தத்துக்கோ கடனுக்கோ பிணையாக வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டையோ வெளிநாட்டவர் பதிவு அட்டையையோ வைத்துக்கொள்வது குடிவரவுச் சட்டப்படி குற்றம். விசா வேலைக்காக ஓரிரு நாள் கொடுக்கலாம். "வங்கிக் கணக்கு திறக்க வேண்டும்" என்று சொல்லி மகளை இன்றைக்கே திரும்ப வாங்கச் சொல்லுங்கள்.

பாதியில் விலகினால் 20 லட்சம் வொன் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அந்த வரிக்கு மதிப்பில்லை. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை போட்டு எழுதுவதைத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. கடைசி மாதச் சம்பளத்தில் அபராதத்தைக் கழித்துக்கொண்டு தருவதும் தவறு, சம்பளம் முழுதாக வர வேண்டும் என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. ஹாக்வொன் கொடுத்த விமானக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது கொஞ்சம் சிக்கலான விஷயம், அது ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

விலகுவதாக இருந்தால் எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து விலகுங்கள். சம்பளம் விழுந்த இரவே பெட்டியோடு விமானம் ஏறிவிடுகிறவர்களும் உண்டு. அதற்கு 'மிட்நைட் ரன்' என்றே பெயர். தூக்கமில்லாமல் இருந்த ஒருவருக்கு நானே பெட்டி கட்ட உதவியிருக்கிறேன், குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்படிப் போனவருக்கு மறுபடி கொரிய விசா வாங்குவது கஷ்டம்.

சரி, புகார் எப்படிக் கொடுப்பது?

வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் அமைச்சகத்தின் வட்டார அலுவலகத்தில் ஜின்ஜொங் என்ற மனு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்திலும் போடலாம். 1350-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். மனு போன பிறகு தொழிலாளர் ஆய்வாளர் இரண்டு தரப்பையும் அழைப்பார். கொரியம் பேசும் நண்பரைக் கூட்டிப் போங்கள். சியோலில் இருப்பவர்களுக்கு சியோல் குளோபல் சென்டரில் இலவச ஆலோசனை உண்டு. தொகை பெரிதென்றால் நோமுசா எனப்படும் தொழிலாளர் சட்ட வல்லுநரைப் பிடிக்கலாம். வழக்கறிஞரைவிடச் செலவு குறைவு, நீங்கள் நாட்டை விட்டுப் போன பிறகும் உங்கள் சார்பில் நடத்துவார். சம்பளப் பாக்கியைக் கேட்க மூன்று வருடம் வரை கெடு இருக்கிறது. வேலையை விட்டவருக்கு 14 நாளைத் தாண்டினால் வருடத்துக்கு 20% வட்டி.

இப்போது ஒரு பொறி. பல நேரம் அழைப்பு வந்த உடனேயே வொன்ஜாங்குக்குப் பணம் தரும் ஞானம் பிறந்துவிடும். ஏனென்றால் சம்பளம் தராதது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். ஆனால் பாதிக்கப்பட்டவர் "தண்டிக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் வழக்கை மூடிவிடலாம். அதனால் "இதில் கையெழுத்துப் போடு, நாளை பணம் போடுகிறேன்" என்பார். பணம் கணக்கில் விழுந்ததை உங்கள் போனில் பார்க்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்த பிறகு அதே விஷயத்துக்கு அவரை மறுபடி தண்டிக்கக் கேட்க முடியாது.

ஹாக்வொனையே மூடிவிட்டு ஓடிவிட்டார். யாரிடம் கேட்பது?

அரசிடம். ஆய்வாளரிடம் சம்பளப் பாக்கிச் சான்று வாங்கினால், அரசு உங்களுக்குத் தந்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும் திட்டம் உண்டு. எளிய முறையில் சம்பளத்துக்கு 70 லட்சம், பணிக்கொடைக்கு 70 லட்சம், இரண்டும் சேர்த்து 1 கோடி வொன் வரை. நீதிமன்றம் போக வேண்டி வந்தால் கொரிய சட்ட உதவிக் கழகம் (132) உதவும்.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். பக்கத்து நாடான ஜப்பானில் ஆங்கிலப் பயிற்சியில் முதலிடத்தில் இருந்த நோவா நிறுவனம் 2007 அக்டோபரில் விழுந்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டதால், சிலருக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. சாப்பாடு தந்தால் பாடம் சொல்லித் தருகிறோம் என்று தொழிற்சங்கம் ஓர் இயக்கமே நடத்தியது. சம்பளம் பத்து நாள் தாமதமானாலே அடுத்த வேலையைத் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

அந்த ஹாக்வொனின் பெயரை இணையத்தில் போட்டு மற்றவர்களை எச்சரிக்கலாமா?

பொறுங்கள். கொரியாவில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரும். இணையத்தில் ஒருவரைக் கேவலப்படுத்தும் நோக்கத்தோடு உண்மையான விஷயத்தையே எழுதினாலும் மூன்று வருடச் சிறை அல்லது 3 கோடி வொன் அபராதம் வரை போகலாம். பொதுநலனுக்காக எழுதினேன் என்று வாதாட இடம் உண்டு, ஆனால் அதை வாதாடப் போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கப் போவது நீங்கள். நான் ஏன் இங்கே என் ஹாக்வொன் பெயரை எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். யாராவது தனியாகக் கேட்டால் வாயால் சொல்லுங்கள்.

சங்கம் ஏதாவது இருக்கிறதா?

இ-2 விசாவில் இருப்பவரும் சங்கத்தில் சேரலாம். விசாவே இல்லாத தொழிலாளர்கள்கூடச் சங்கம் அமைக்கலாம் என்று குடிபெயர்ந்தோர் தொழிற்சங்க வழக்கில் 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிக்கல் என்னவென்றால், வருடா வருடம் ஆட்கள் மாறும் வேலையில் சங்கம் நிலைப்பதில்லை. போகிறவர் வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் நடைமுறையில் இருக்கிற சங்கம்.

மாலையில் தனியாக ட்யூஷன் எடுக்கலாமா?

கூடாது. இ-2 விசாவில் அது சட்டவிரோதம், அபராதமும் நாடு கடத்தலும் வரும். தவிர, உங்கள் புகாரை முறியடிக்க வொன்ஜாங் முதலில் தேடுவது அதைத்தான்.

ஊர் திரும்பும்போது ஓய்வூதியப் பணத்தை எப்படி வாங்குவது?

கிளம்புவதற்கு ஒரு மாதத்துக்குள் இருக்கும் விமான டிக்கெட், பாஸ்போர்ட், பதிவு அட்டை, வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு ஓய்வூதிய நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம், வருவதற்கு சில வாரம் ஆகும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் இன்சியோன் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அதற்கு வார நாளில் பகல் நேர விமானமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். நான் ஞாயிறு இரவு டிக்கெட் எடுத்துவிட்டு, பணம் வரும்வரை ஸ்கார்பரோவில் அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கிடந்தேன்.